முற்றத்துச் சக்கை (பலா) மரத்தின் கவையைக் கட்ட இரும்புக் கம்பியா, நெகிழும் கயிறா?

மார்த்தாண்டம் பக்கம் வீடு, ஆளுயரத்தில் இரண்டாகப் பிரியும் சக்கை மரம், ஒரு கொம்பு (பெருங்கிளை) ஓட்டுக்கூரை மேல் சாய்ந்து நிற்கிறது, ஆனி ஆடிக் காற்றுக்கு முன் கட்டியாக வேண்டும். இவ்வளவும் சொன்ன நீங்கள், கொம்புகள் பிரியும் கவையில் வெடிப்பு உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. கம்பியா கயிறா என்பதை அதுதான் முடிவு செய்யும்.

ஏணி வைத்து ஏறிப் பாருங்கள். இரு கொம்பும் சேருமிடம் அகன்று, பட்டை வெளியே தடித்து நின்றால் நல்ல கவை. ஒடுங்கி, பட்டை உள்ளே மடங்கியிருந்தால் பலம் குறைவு. அதற்குக் கீழே நெடுக்காக ஒரு கோடு ஓடி, ஈர்க்கில் உள்ளே இறங்கினால், அல்லது காற்றில் கோடு விரிந்து மூடினால், அது வெடிப்பேதான்.

வெடிப்பு இல்லையென்றால் கயிறு. மரம் ஆடினால்தான் ஆடுமிடத்தில் புதுக் கட்டை போட்டுத் தடிக்கும். இரும்பால் இறுக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டால் கவை மெலிந்தே கிடக்கும், பாரம் காலத்துக்கும் கம்பி மேல். நெகிழும் கயிறு சிறு காற்றுக்கு விட்டுக்கொடுக்கும், பெருங்காற்றில் மட்டும் பிடிக்கும். வெடித்த கவைக்கு இது ஆகாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெடிப்பு கீழே இறங்கும். அங்கே இரும்புதான், அதுவும் மேலே ஒயர் ரோப் (எஃகு வடம்), கீழே குறுக்குக் கம்பி என இரண்டும் சேர்த்து.

நெகிழும் கயிற்றுக்கும் ஒயர் ரோப்புக்கும் கட்டும் உயரம் ஒன்றே: கவையிலிருந்து கொம்பின் நுனி வரை உள்ள நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கைக்கு எட்டுகிறதே என்று தாழ்வாகக் கட்டினால் நெம்புகோல் கணக்கு தலைகீழாகி, கம்பி மேல் பல மடங்கு இழுப்பு ஏறும்.

கயிறு விஷயத்தில் நம் ஊரில் ஒரு தொல்லை உண்டு. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கும் முறுக்குக் கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியளவுக்குப் போய்விடும், வெயில் மீதியைத் தின்னும். மரத்துக்கென்றே வரும் பின்னல் கயிறு உள்ளே பொள்ளலாக இருக்கும். நுனியைத் தனக்குள்ளேயே செருகிக் கண்ணி செய்வார்கள், நடுவில் அதிர்ச்சி தாங்கும் ரப்பர் துண்டு வைப்பார்கள். கொம்பின் அடிப்பக்க விட்டம் 40 செ.மீ. வரை என்றால் 2 டன் தாங்கும் கயிறு, 60 வரை 4 டன், 80 வரை 8 டன். கண்ணி கொம்பை இறுக்கக் கூடாது, தடிக்க இடம் விடுங்கள். கயிற்றில் சற்றே தொய்வும் வேண்டும். குளிர்நாட்டில் இலை உதிர்வதை வைத்துத் தொய்வு கணக்கிடுவார்கள். நமக்குக் காய்ப்பாரம்தான் கணக்கு. மாமரத்துக்கு நுனியில் காய்ப்பதால் காய்க்காலத்தில் கொம்பு தாழும், கயிறு தானே விறைக்கும். சக்கைக்கு மூட்டிலும் (அடிமரத்திலும்) தடிக்கொம்பிலும் காய்ப்பதால் அந்த வித்தியாசம் குறைவு. அதற்கு எதிரி காற்றுதான்.

இரும்பு என்றால்: கவைக்கு மேலே, கொம்பின் விட்டத்தைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு உயரத்தில் இரு கொம்பையும் ஊடுருவித் துளையிட்டு, 16 மி.மீ. முழுத்திரெட் (முழு நீளமும் மரை வெட்டிய) கம்பி, இரு பக்கமும் பெரிய வாஷர், நட். வெடிப்பு கீழே இறங்கியிருந்தால் அதன் குறுக்கே இன்னொன்று. துளை கொம்பு விட்டத்தில் ஆறில் ஒன்றைத் தாண்டக் கூடாது. துளையிடும் பிட்டில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சக்கைப்பால் ஒட்டாது. மேலே 10 மி.மீ. ஒயர் ரோப், கொம்பை ஊடுருவிய கண் போல்ட் (தலையில் வளையமுள்ளது), ரோப்பின் கண்ணிக்குள் தேயாமல் காக்கும் திம்பிள், ஒவ்வொரு முனையிலும் மடக்கிய ரோப்பைப் பிடிக்கும் மூன்று யூ கிளிப், 6 செ.மீ. இடைவெளியில். யூ வளைவு ரோப்பின் மடக்கிய, வெட்டிய நுனி மேல் உட்கார வேண்டும், கிளிப்பின் அடிப்பகுதி பாரம் ஏறும் கம்பி மேல். மாற்றிப் போட்டால் பாரக்கம்பி நசுங்கும். கண் போல்ட், ரோப் இழுக்கும் திசைக்கு நேராக நிற்கட்டும், சாய்ந்தால் வளையும். செயின் புல்லியால் கொம்புகளைச் சற்றே நெருக்கி மாட்டிவிட்டு, புல்லியை மெல்லத் தளர்த்துங்கள். வெடிப்பை முழுக்க மூட முயல வேண்டாம், பழைய வெடிப்பு ஒட்டாது. கடற்கரை ஓரமென்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள், உப்புக்காற்றில் சாதா இரும்பு நிற்காது.

துளை போட்டால் மரம் பட்டுப்போகும் என்று சண்டைக்கு வருவார்கள். நல்ல கட்டையில் போட்ட சிறு துளையைச் சுற்றி மரம் தானே மூடிக்கொள்ளும். மரத்தைக் கொல்வது கொம்பைச் சுற்றிக் கட்டிய சங்கிலி. பட்டையை நெரித்து, மேலிருந்து உணவு இறங்கும் வழியை அடைத்துவிடும். அதைக் கட்டுகிறவர்கள்தான் துளையைக் கண்டு பதறுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்லாமல் முடியாது. மின்கம்பி போகிறது என்று ஒரு பக்கக் கொம்புகளை மட்டும் மொட்டையடித்துப் போகிறார்களே, அதன்பின் மரம் மறுபக்கம் சாயாமல் என்ன செய்யும்? வெட்டுகிறவர்களே எதிர்ப்பக்கமும் கொஞ்சம் இளைத்துவிட்டால் பாதி மரங்களுக்குக் கட்டே தேவைப்படாது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகும் யாருக்கும் உறைக்கவில்லை.

உங்கள் மரத்தின் மூட்டில் காளான் முளைத்திருந்தாலோ, தட்டினால் பொள்ளலாகக் கேட்டாலோ, கம்பியும் வேண்டாம் கயிறும் வேண்டாம். ஓட்டுக்கு மேலுள்ள கொம்பைத் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்கி வெட்டுங்கள். கட்டினால், வருஷம் ஒருமுறை, வைகாசியில், ஏறி கிளிப்பும் கண்ணியும் பாருங்கள்.