சேலத்து வெயிலில் பவளத் தொட்டி நிற்குமா? ரெஃப்யூஜியம் அவசியமா?

நிற்கும். ரெஃப்யூஜியமும், அதாவது மீன் வராமல் பாசி வளர்க்கும் தனி அறையும், அவசியம்.

நீங்கள் கேட்டது மூன்று விஷயம்: கடலை விட்டு இத்தனை தூரத்தில், இந்த வெயிலில், சேலத்தில் பவளத் தொட்டி வைக்க முடியுமா, கடைக்காரர் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி) போதும் என்கிறாரே, அது சரியா, மேண்டரின் மீன் வளர்க்கலாமா. நான் சேலம் அம்மாபேட்டையில் மாடி வீட்டில் பல வருடமாக ஒரு மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறேன். சேலத்துத் தண்ணீரிலும் சேலத்துச் சூட்டிலும் என்ன நடக்கிறது என்பதை வைத்தே சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் கேனிஸ்டர். அது செய்வது பாதி வேலை. மீன் கழிவில் வரும் அமோனியாவை அதில் குடியிருக்கும் பாக்டீரியா நைட்ரைட்டாக்கி, அப்புறம் நைட்ரேட்டாக்கும், அதோடு நின்றுவிடும். நன்னீர்த் தொட்டி என்றால் வாரம் நாலு பக்கெட் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை வெளியேற்றிவிடலாம், செலவில்லை. உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு பக்கெட்டும் காசு. மாற்றாமல் விட்டால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், பாறை முழுக்க முடிப்பாசி படரும், பவளம் பழுப்பாகிச் சுருங்கும்.

கடலில் இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. நுண்துளைப் பாறையின் உள்ளேயும் மணலின் அடியிலும் ஆக்சிஜன் எட்டாத இடங்களில் வாழும் வேறு பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். மிச்சத்தைப் பாசி உறிஞ்சிக்கொள்ளும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-லேயே உயிருள்ள கடல்பாறையும் காற்றுக் குமிழும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்த முறையை எழுதிக் காட்டினார். 1980-களில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியனில் வால்டர் ஏடி என்ற ஆய்வாளர் பாசியைத் தனியாக வெளிச்சம் போட்டு வளர்த்து, அதை அறுத்து எடுப்பதன் மூலமே பெரிய பவளத் தொட்டிகளின் தண்ணீரைச் சுத்தமாக வைத்தார். இன்று நாம் சம்ப்புக்குள் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) வைக்கும் பாசி அறை, அதாவது ரெஃப்யூஜியம், இந்த வழியில் வந்ததுதான்.

நான் சொல்லும் அளவு இது: தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மி.மீ. கண்ணாடி, ஏறக்குறைய 190 லிட்டர். கீழே ஸ்டாண்டுக்குள் 80, 90 லிட்டர் பிடிக்கும் சம்ப். சம்ப்பை மூன்றாகத் தடுங்கள். மேலிருந்து தண்ணீர் வந்து விழும் அறை, நடுவில் ரெஃப்யூஜியம், கடைசியில் தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டார். நடு அறைதான் பெரியதாக இருக்க வேண்டும். ஸ்கிம்மருக்கு (நுரையில் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) இடம் விட்டுவிட்டு மிச்சத்தில் ரெஃப்யூஜியம் என்று கண்ணாடி வெட்டச் சொன்னால் அது ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்து நிற்கும், பயனில்லை. கரண்ட் போனால் மேல் தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அதைத் தாங்கும் அளவுக்குச் சம்ப்பில் எப்போதும் காலி இடம் வேண்டும். மேலே போகும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டையும் போட்டுவிடுங்கள். நீர்மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும், இல்லையென்றால் வீட்டுத் தரையில்தான் கடல்.

நடு அறையில் கீட்டோமார்ஃபா (சுருக்கமாகக் கீட்டோ) என்ற பாசியைப் போடுங்கள். பச்சை நைலான் நரம்பைக் கசக்கிப் போட்டது போல இருக்கும், எதிலும் வேர் பிடிக்காது, அள்ளி எடுக்க எளிது. காலர்ப்பா என்ற இன்னொரு பாசி அழகாக இருக்கிறது என்று சிலர் போடுகிறார்கள். அது திடீரென்று ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குப் போய் உடலில் உள்ளதையெல்லாம் தண்ணீரில் கொட்டி வெளுத்துச் சாகும், அதுவரை உறிஞ்சியதெல்லாம் திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும். வேண்டாம். வெளிச்சத்துக்கு விலை கூடிய விளக்கு தேவையில்லை, 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் 20 வாட் எல்.இ.டி. ஃபோகஸ் லைட் போதும். ரெஃப்யூஜியத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் ஓட வேண்டும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள், நான் அதை ஏற்கவில்லை. பாசி உருண்டை மெல்லப் புரளும் அளவுக்கு ஓட்டம் இருந்தால்தான் உள்பகுதிக்கும் வெளிச்சமும் சத்தும் போகும்.

விளக்கை இரவில் எரிய விடுங்கள். மேலே விளக்கு அணைந்ததும் பவளமும் பாசியும் கரியமில வாயுவை எடுப்பதை நிறுத்திவிடும், எல்லா உயிரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும், பி.எச். இறங்கும். அந்த நேரத்தில் கீழே கீட்டோ வேலை செய்தால் இறக்கம் குறையும், ஆக்சிஜனும் கொஞ்சம் கூடும். இது சேலத்துக்கு மிக முக்கியம். உப்புத் தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 7 மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் ஆக்சிஜனைப் பிடிக்கும், சூடு ஏற ஏற அதுவும் குறையும்.

பாசி வளர்ந்தால் மட்டும் போதாது, அறுத்து வெளியே எடுக்க வேண்டும். எடுத்த பாசியோடுதான் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போகிறது. அறை நிரம்பியதும் பாதியை அள்ளுங்கள். ஒரேயடியாக முழுவதையும் எடுக்காதீர்கள், அதற்குள்தான் கோபிபாட், ஆம்ஃபிபாட் என்று ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் இருக்கின்றன. மீன் வர முடியாத அறை என்பதால் அவை அங்கே பெருகி, மோட்டார் வழியாக மேலே போய் மீனுக்கும் பவளத்துக்கும் உணவாகும். எந்த டப்பா தீவனமும் இதற்கு ஈடில்லை. இன்னொன்று, பாசி வெளுத்து உதிர ஆரம்பித்தால் பெரும்பாலும் தண்ணீரில் சத்தே இல்லை என்று அர்த்தம். நைட்ரேட் சுழியம் என்பது சாதனை இல்லை. சத்து அடியோடு வற்றிய தொட்டியில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளி வந்து உட்காரும், அதை விரட்டுவது முடிப்பாசியை விரட்டுவதைவிடக் கஷ்டம். நைட்ரேட் 5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவில், பாஸ்பேட் 0.05 அளவில் இருந்தால் எனக்குத் திருப்தி.

சரி, சூடு. பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும், நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் வெளியே 40 டிகிரியைத் தொடும். உடனே சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) வாங்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். சென்னைக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு: நம் கோடைக்காற்று காய்ந்த காற்று. நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்தால் இங்கே வேகமாக ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 200 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 3 டிகிரி குளிர்விக்கப் போதும். தொட்டி மேல் ஒன்று, சம்ப் மேல் ஒன்று என்று இரண்டு சின்ன விசிறி, கண்ணாடி மூடிக்குப் பதில் கொசுவலை மூடி, மேற்குச் சுவரை ஒட்டாத இடம், மொட்டைமாடிக்கு நேர்கீழே என்றால் மேலே வெள்ளைப் பூச்சு. இவ்வளவும் செய்தால் வருடத்தில் பெரும்பகுதி ஓடிவிடும். அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் அறைக்கு ஏ.சி. தேவைப்படலாம். மூடிய ஏ.சி. அறையில் ஆட்கள் விடும் மூச்சே தேங்கி பி.எச்.-ஐ இறக்கும், அதனால் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கும். தினமும் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் விட வேண்டும். மிதவை வைத்துத் தானாகவே விடும் ஏற்பாடு இருந்தால் ஊருக்குப் போனாலும் கவலையில்லை. அந்தத் தண்ணீர் போர்வெல்லாக இருக்கக் கூடாது, மேட்டூர்த் தண்ணீராகவும் கூடாது. வீட்டில் குடிக்க வைத்திருக்கும் ஆர்.ஓ.-வும் அப்படியே ஆகாது. பல மெஷின்களில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்துவிடும் திருகு இருக்கும். ஆர்.ஓ.-வுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடிக்கும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று சேர்த்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டுகிற தண்ணீரை மட்டும் பயன்படுத்துங்கள். உப்பு ரீஃப் சால்ட் மிக்ஸ்தான். கல் உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் தேவையான அளவில் கிடையாது. ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (உப்புத் தண்ணீரின் அடர்த்தி) 1.025, கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மெக்னீசியம் 1300 அளவில், ஆல்கலினிட்டி (பி.எச். இறங்காமல் தாங்கும் திறன்) டி.கே.எச். என்ற அலகில் 8, 9, இந்த நான்கும் ஆடாமல் இருந்தால் போதும்.

மெக்னீசியம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சுண்ணாம்புக் குன்றுப் பக்கத்து வெள்ளைக் கல்லைத் தொட்டியில் போடலாமா என்று உள்ளூர் நண்பர்கள் கேட்பதுண்டு, மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாதுதானே, மெக்னீசியம் கிடைக்குமே என்று. போடாதீர்கள். கடல் தண்ணீரின் பி.எச்.-இல் அது கரையவே கரையாது, அதோடு அது இருக்கும் பாறை வகையில் நிக்கலும் குரோமியமும் உண்டு. இறாலுக்கும் நத்தைக்கும் உலோகம் ஆகாது.

பாறைக்கு வருகிறேன், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ராமேஸ்வரம் பக்கம் இருந்து லைவ் ராக் (உயிருள்ள கடல்பாறை) கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறியும் அப்படித்தான். கடல் அட்டையையும் எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தபோது இருந்த 21 தீவுகளில் இரண்டு மூழ்கியே போய்விட்டன, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம். அந்தப் பாறையை நம் ஹாலில் வைத்துக்கொண்டு இயற்கைத் தொட்டி என்று சொல்ல எனக்கு மனம் வராது. பீங்கான் பாறை அல்லது சிமென்ட் பாறை வாங்குங்கள். சிமென்ட் என்றால் பி.எச். அடங்கும் வரை பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட வேண்டும். ஏற்கனவே ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் ஒரு கைப்பிடி மணலும் ஒரு கொத்துக் கீட்டோவும் கேட்டு வாங்கிப் போட்டால் உயிர் பரவ ஆரம்பித்துவிடும், மெதுவாகத்தான்.

பவளத்தில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் வகைகளில் தொடங்குங்கள், பில்லோடு, வளர்ப்பில் வெட்டிப் பெருக்கியதாக. ஜோவாந்தஸில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறை போடுங்கள், அது ஒட்டியிருக்கும் கல்லை ஒருபோதும் வெந்நீரில் போடாதீர்கள். மீனில் க்ளௌன் ஜோடி போதும். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பொரிப்பகத்தில் க்ளௌன் மீன் இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறார்கள், அதனால் கடலில் பிடித்ததை வாங்க அவசியமே இல்லை. நாலைந்து சின்ன மீன், மென்பவளம், இவ்வளவுதான் என்றால் முதல் வருடம் ஸ்கிம்மர் இல்லாமலே ரெஃப்யூஜியம் தாங்கும். அந்தக் காசில் நல்ல மோட்டாரும் இன்வெர்ட்டர் இணைப்பும் போடுங்கள். பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தும் நாளில் விளக்கு இல்லாமல் தொட்டி தாங்கும், நீரோட்டம் இல்லாமல் தாங்காது. சில்லர் இல்லாமல் என் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் அளவுக்குத் தொட்டி இழுக்கிறது.

ஏற்காட்டில் வீடு இருப்பவர் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்கு விசிறிக்குப் பதில் ஹீட்டர் வேண்டும், டிசம்பர் இரவுகளில் கட்டாயம். 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் ஏறக்குறைய 15 சதவீதம் குறையும். நீர்ப்பரப்பை நன்றாகக் கலக்கிவிடுங்கள்.

கடைசியாக மேண்டரின். நாள் முழுக்கப் பாறையில் கோபிபாட்களை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும் மீன் அது, உலர் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. புதுத் தொட்டியில் விட்டால் இருக்கிற கோபிபாட்டைத் தின்று தீர்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து செத்துப்போகும். ரெஃப்யூஜியம் ஓட ஆரம்பித்து ஒரு வருடமாவது ஆகட்டும். இரவு விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், மேல் தொட்டிக் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகள் நிறைய ஓடினால் ஒன்றே ஒன்று வாங்கலாம். அதே தொட்டியில் கோபிபாட் தின்னும் ராஸ் வகை மீன் கூடாது. கடையில் வயிறு ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் உறைந்த ஆர்ட்டீமியாவை (குட்டி உப்புநீர் இறால்) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டால் எடுங்கள். திரும்பியே பார்க்கவில்லையென்றால் அடுத்த லோடு வரும்வரை பொறுத்திருங்கள்.