சாம்பல் நிற அணிலைப் பார்க்க மலை ஏற வேண்டாம்

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கிறேன். தை மாதம் நண்பர்கள் நாலு பேர் பைக்கில் அஞ்செட்டி வழியாக மேலகிரிக் காட்டுக்குள் போய், ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி, சாம்பல் நிற அணிலைப் படமெடுக்க ஆசை. யாரிடம் அனுமதி கேட்பது?

பதில்: கூடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் சொல்லும் காடு 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஆகிவிட்டது. 504 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அதன் வழியே போகும் பொதுச் சாலையில் யாரும் போகலாம். சாலையை விட்டு இறங்கினால் அனுமதி வேண்டும், படமெடுக்கவும்தான். ஓசூர் பக்கம் என்றால் ஓசூர் வனக்கோட்ட அலுவலகத்திலும், ஒகேனக்கல் பக்கம் என்றால் தருமபுரியிலும் எழுத்தில் கேளுங்கள். வழியில் பார்த்த வனக்காவலர் தலையாட்டினார் என்பதெல்லாம் அனுமதி ஆகாது.

அப்புறம், அந்த அணில் ராத்திரியில் தூங்கிவிடும். அதுவும் மலை உச்சியில் இல்லை, கீழே காவிரிக் கரையில்தான். நீர்மருதும் புளியும் கிளையோடு கிளை கோத்து நிற்கும் இடம் அதற்கு வேண்டும். தரையில் இறங்காமல் மரத்துக்கு மரம் தாவியே பிழைக்கிற பிராணி. கிளைகள் பிரிந்துபோன இடத்தில் அதற்குப் பாதை அறுந்த மாதிரி.

தை மாதம் என்பதில் இன்னொரு சிக்கல். ராகி அறுவடையை ஒட்டி கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டங்கள் வந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் சுற்றும் காலம் அது. சாலையோரம் லத்தி, அதாவது யானைச் சாணம் கிடந்தால் வண்டியில் இருந்தபடியே பாருங்கள். ராகி உமி தெரிந்து, மேல்புறம் இன்னும் ஈரமாகப் பளபளத்தால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. போட்டோவுக்கு நிற்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். பைக்கில் போகிறவருக்கு யானை முன்னால் ஒரு தகரக் கதவுகூடக் கிடையாது.

என் யோசனை இதுதான்: மதியமே கிளம்பி, இருட்டுமுன் ஒகேனக்கல் போய் லாட்ஜில் தங்குங்கள். விடிந்ததும், மக்கள் நடமாடும் ஆற்றோர மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைக் கவட்டையில் காய்ந்த இலை உருண்டை தெரிந்தால் அது கூடாக இருக்கலாம். சத்தமில்லாமல் அரை மணி நேரம் நில்லுங்கள். உடம்பளவு நீளமான நரைத்த வால் முதலில் தொங்கும். ஆற்றில் மட்டும் இறங்காதீர்கள், முதலை உண்டு.

மலை ஏறியே தீர வேண்டும் என்றால் இதே மேலகிரியில் உள்ள குத்திராயன் மலைக்கு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிந்து, அவர்கள் அனுப்பும் வழிகாட்டியோடு போங்கள். மாசி, பங்குனியில் காட்டுத்தீ பயத்தால் இந்த வழிகளை மூடிவிடுவார்கள். தேதியைப் பார்த்துவிட்டு லீவு போடுங்கள்.