மகனுக்குக் கழிவுநீர் நிலையத்தில் வேலை: அனுப்பலாமா?

அம்மா, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பிள்ளை சாக்கடைத் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வந்திருப்பது சப்மெர்சிபிள் மிக்சர் பராமரிக்கும் வேலை. அது என்னவென்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கழிவுநீரைச் சுத்தம் செய்வதில் பெரும்பங்கு பாக்டீரியாக்களுடையது. அவற்றில் ஒரு வகை, தண்ணீரில் உள்ள நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றும். ஆனால் கரைந்த ஆக்சிஜன் கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கும், நைட்ரேட்டை அப்படியே விட்டுவிடும். ஆகவே இந்த பாக்டீரியாக்கள் வேலை செய்யும் தொட்டியில் காற்றை ஊதிக் கலக்கக் கூடாது. கலக்காமலும் விட முடியாது, கசடு அடியில் படிந்துவிடும். அதனால்தான் மோட்டாரும் புரொப்பெல்லரும் சேர்ந்த மிக்சரைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி ஓட விடுகிறார்கள்.

தண்ணீருக்குள் ஓடும் மின் மோட்டாரைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் தேய்ந்தால் எண்ணெய் அறைக்குள் தண்ணீர் புகும், எண்ணெய் பால்போல வெளுக்கும். புரொப்பெல்லரில் துணியும் தலைமுடியும் சுற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் ஏறும், அதிர்வு கூடும். கேபிள் வழியாக ஈரம் இறங்கியிருந்தால் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவி காட்டிக்கொடுக்கும். இந்த அறிகுறிகளைப் படிக்கப் பழகியவருக்கு பம்ப், காற்று ஊதும் ப்ளோயர் எதுவும் அந்நியமாக இருக்காது. காகித ஆலை, மருந்து ஆலை, பால் பதப்படுத்தும் ஆலை என்று பிறகு எங்கும் போகலாம். அப்புறம் மின்சாரப் பக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டும் தெரிந்தவருக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து.

பாதுகாப்பைப் பற்றிய உங்கள் பயம் முழுக்க நியாயமானது. மிக்சரை வழிகாட்டிக் கம்பி வழியாக ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியால் மேலே தூக்கித்தான் பழுது பார்க்க வேண்டும். வழக்கமான பராமரிப்புக்கு யாரும் தொட்டிக்குள் இறங்கவே தேவையில்லை. சாக்கடையில் உண்டாகும், அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் மோப்ப சக்தியே மரத்துப்போகும், வாடை வரவில்லை என்று நம்பி இறங்கினால் உயிர் போய்விடும்.

சேர்வதற்கு முன் நிலையத்தை நேரில் பார்க்க அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வாயு அளக்கும் கருவி இருக்கிறதா, மிக்சரைத் தொடும் முன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டுகிறார்களா, தொட்டிக்குள் இறங்க எழுத்துமூல அனுமதியும் மேலே காவலுக்கு ஆளும் உண்டா, ஹாய்ஸ்ட் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று அவனே விசாரிக்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் அந்த இடம் வேண்டாம். வேறு நிலையம் தேடலாம்.