கீமோ மருந்தால் கால் மரத்துப்போவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வாரம் ஒருமுறை பாக்லிடாக்சல் ஏற்றுகிறார்கள். இப்போது கால்விரல்கள் மரத்துப்போய், செருப்பு கழன்றால்கூடத் தெரியவில்லை என்கிறார். புற்றுக்குக் கொடுக்கும் மருந்து காலை ஏன் பாதிக்கிறது? நரம்புக்கு ஏதாவது சத்து மாத்திரை வாங்கித் தரலாமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். அசிட்டைல்-எல்-கார்னிடைன் என்ற சத்து இந்த மரப்பைத் தடுக்குமா என்று ஆய்வு செய்தார்கள். சாப்பிட்டவர்களுக்குத் தொந்தரவு கூடியதுதான் மிச்சம்.

சரி, கால் ஏன்? நம் செல்களுக்குள் மைக்ரோடியூபியூல் என்ற நுண்குழாய்கள் உண்டு. விட்டம் 25 நானோமீட்டர்தான். ஆல்ஃபா, பீட்டா என்ற டியூபுலின் புரதங்கள் ஜோடி சேர்ந்து, ஜோடிகள் சரமாகி, பெரும்பாலும் 13 சரங்கள் பக்கவாட்டில் ஒட்டினால் ஒரு குழாய். ஒவ்வொரு ஜோடியும் ஜிடிபி (GTP) என்ற ஆற்றல் மூலக்கூறோடு வந்து நுனியில் சேரும். சேர்ந்தபின் அந்த மூலக்கூறு உடைந்து, பிடி தளரும். புது ஜோடிகள் வந்துகொண்டிருக்கும்வரை குழாய் வளரும். வரத்து தடைபட்டால் சரசரவென்று உதிரும். 1984-இல் மிட்சிசன், கிர்ஷ்னர் என்ற விஞ்ஞானிகள் இதை விளக்கினார்கள். செல் பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் இழுக்க, வளர்வதும் வேண்டும், உதிர்வதும் வேண்டும்.

பாக்லிடாக்சல் குழாயின் உட்புறம் ஒட்டிக்கொண்டு அதை உதிரவிடாது. புற்றுச் செல் பிரிய முடியாமல் திணறும். நம் வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து நேர்மாறு. குழாயைக் கட்டவே விடாது. ஆனால் அதுவும் காலை மரக்க வைக்கும்!

நரம்புச் செல்கள் பிரிவதில்லை. ஆனால் அவற்றுக்கு இந்தக் குழாய்கள்தான் தண்டவாளம். முதுகெலும்பருகே இருக்கும் செல்லிலிருந்து கால்விரல் வரை, ஏறத்தாழ ஒரு மீட்டர், சரக்கு போக வேண்டும். குழாயின் இயல்பு கெட்டால் அது தடைபடும். இது மட்டுமே காரணமல்ல என்றாலும், நீளமான நரம்பின் நுனி முதலில் அடிபடுவது இதனால் புரியும்.

அடுத்த டோஸுக்கு முன்பே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். கீமோ என்றால் இப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொள்ளும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன், தேவையே இல்லை. அளவைக் குறைப்பதா, தள்ளிப்போடுவதா, மருந்தை மாற்றுவதா என்று அவர் முடிவெடுப்பார். வலியும் இருந்தால் டுலாக்ஸெட்டின் என்ற மருந்து பற்றிக் கேளுங்கள். சிகிச்சை முடிந்தபின் பலருக்கு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும்.

அதுவரை வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்க வேண்டாம். பின்பட்டி உள்ள செருப்பு வாங்கிக்கொடுங்கள். மழையில் தேங்கிய தண்ணீரில் வெறுங்கால் கூடாது. மாட்டுங்கா கோயிலுக்குப் போனால் வெயிலில் காய்ந்த தரையில் சாக்ஸோடு நடக்கட்டும், அப்புறம் இரவில் பாதத்தைத் திருப்பிக் காயம் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.