அரிசி வரிசை

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழைக் குடும்பங்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுக்கிறார்கள். இப்படிக் கொடுத்துக் கொடுத்தே மக்களைச் சோம்பேறிகளாக்கிவிடுகிறோமா? (வாசகி ஒருவர், சென்னை)

பதில்: யாரைச் சோம்பேறி என்கிறீர்கள்? விடியுமுன் எழுந்து லாரித் தண்ணீர் பிடித்து, மூன்று வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு வந்து வெயிலில் பையோடு நிற்கிறாளே, அவளையா? அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கோபமெல்லாம் அந்த வரிசை மேல்தான். சற்றுமுன் பக்கத்தில் முழந்தாளிட்டுச் செபித்தவர்கள் பார்த்துக்கொண்டே போக, அவள் கை நீட்டி நிற்க வேண்டும். அதைப் படம் வேறு எடுக்கிறார்கள். நான்கு பேர் ஒரே பையைப் பிடித்திருக்க, வாங்குகிறவள் தலைகுனிந்து நிற்கும் படங்கள் இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஓயாமல் வருகின்றன. ஒன்றையும் போட்டதில்லை, போடவும் மாட்டேன். இதற்காக என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்ட பெரிய மனிதர்கள் உண்டு. அவர்கள் நிறுத்தியபடியே இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். சென்னையில் ஒரு ஏழைக் குடும்பத்தை முறிப்பது வாடகை முன்பணமும், வாரக் கடன் தவணையும், ஜூன் மாதத்துப் பள்ளிச் செலவும். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும். சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு அட்டையை மாதம் முழுக்க இழுக்கும் பாட்டியை எந்த வரிசையில் கண்டுபிடிப்பீர்கள்?

1833 ஏப்ரலில் பாரிஸில் இருபது வயது மாணவர் பிரெடரிக் ஓசானாம் தொடங்கியது இப்படி வீடு தேடிப் போகும் வேலையைத்தான். 'உங்கள் திருச்சபை இன்று ஏழைக்கு என்ன செய்கிறது?' என்று ஒரு விவாதக் கூட்டத்தில் எதிரணி மாணவர்கள் கேட்ட கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்தது. நண்பர்கள் கூடிய இடம் ஒரு பத்திரிகை அலுவலகம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. மூஃப்தார் தெருப் பக்கத்து ஏழைகளிடையே உழைத்த ரொசாலி என்ற கன்னியாஸ்திரி இந்த நண்பர்களுக்கு வழிகாட்டினார். அப்படிப் பிறந்ததுதான் வின்சென்ட் தே பவுல் சபை. இரண்டிரண்டு பேராக வீட்டுக்குப் போவார்கள். குடும்பத்தின் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். கூட்டத்தில் சுற்றிவரும் காணிக்கைப் பையில் யார் எவ்வளவு போட்டார் என்பது உறுப்பினர்களுக்கே தெரியாது. சென்னைப் பங்குகள் பலவற்றில் இந்தச் சபை இருக்கிறது. உங்கள் பங்கிலும் இருந்தால் போய்ச் சேருங்கள்.

இன்னொன்று. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வேலை நகருக்குள், வீடு ஊருக்கு வெளியே. போக வரவே பொழுது போய்விடுகிறது. உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் அவர்கள் பழைய பங்கின் எல்லையைத் தாண்டிப் போனார்கள். உங்கள் பங்கிலிருந்து அப்படிப் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தது யார் என்று அடுத்த ஞாயிறு பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்; அதை நிச்சயம் பிரசுரிக்கிறேன்.