பூட்டுக்கு முன் மரத்தைப் பாருங்கள்

கேள்வி: கூடலூர் பக்கம் 3 ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. இரவில் என்னென்ன வருகிறது என்று பார்க்க ஒரு தானியங்கி கேமரா வாங்கி, பலா மரத்தில் தலை உயரத்தில் கட்டினேன். முதல் வாரம் முழுக்க ஆடும் இலைகள்தான் பதிவாயின. அடுத்த வாரம் யானை பிடுங்கிப் போட்டுவிட்டது. பெல்ட் போதாதா? ஆணி அடிக்கலாமா?

பதில்: ஆணி வேண்டாம். மரத்துக்குக் காயம் என்பது ஒன்று. நாளைக்கு அந்த மரத்தை அறுக்கும்போது ரம்பம் அதில் மாட்டும். அதைவிட முக்கியம், மரத்தையே மாற்றுங்கள்.

பலா பழுத்தால் யானை தேடி வரும். மரத்தடியில் நின்று தின்னும்போது தும்பிக்கைக்கு எட்டுவதையெல்லாம் தடவிப் பார்க்கும். புதிதாக ஒரு பெட்டி இருந்தால் விடுமா? பகலில் ஒரு நடை போய் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் பாருங்கள். சேறு காய்ந்து அப்பியிருக்கும், அல்லது பட்டை வழவழவென்று தேய்ந்திருக்கும். அந்தத் தேய்ப்பு முழங்கால் உயரத்தில் இருந்தால் பெரும்பாலும் காட்டுப்பன்றி. உங்கள் தலைக்கு மேல் இருந்தால் யானை. இரண்டு வகை மரமும் வேண்டாம். விலங்குத் தடத்திலிருந்து 3, 4 மீட்டர் தள்ளி, காற்றில் ஆடாத அளவுக்குப் பருத்த, மிளகுக்கொடி ஏறாத சில்வர் ஓக் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் உயரம். புலிக் கணக்கெடுப்பிலேயே முழங்கால் உயரத்தில், சுமார் 45 செ.மீ.யில்தான் கட்டுகிறார்கள். பன்றி, கேளையாடு, சிறுத்தை எல்லாம் அந்த உயரத்தில் முழுதாக விழும். யானைக்குக் கால் மட்டும்தான் விழும், ஆனால் வந்தது யானை என்று தெரிய அது போதும்.

இலைகள் பதிவானதற்குக் காரணம், உள்ளே இருக்கும் சென்சார் அசையும் சூட்டைத்தான் கவனிக்கிறது. வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினாலும் அதற்கு விலங்குதான். கேமராவுக்கு முன்னால் உள்ள புல்லையும் தாழ்ந்த கிளைகளையும் வெட்டிவிடுங்கள். கிழக்கு, மேற்கு பார்த்து வைக்காதீர்கள். வெயில் நேராக லென்ஸில் அடிக்கும். தடத்துக்குக் கொஞ்சம் சாய்வாகத் திருப்பினால், வேகமாகக் கடக்கும் விலங்கும் படத்துக்குள் நிற்கும்.

பெல்ட்டை இறுக்கும்போது கேமரா பெரும்பாலும் வானத்தைப் பார்க்கும். மேல்பக்கம், மரத்துக்கும் கேமராவுக்கும் நடுவே விரல் தடிமனில் ஒரு குச்சியைச் செருகி, பிறகு இறுக்குங்கள். முகம் தரையோடு மட்டமாகிவிடும். சோதனை நிலையில் போட்டுவிட்டு, தடத்தில் கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து பாருங்கள். சின்ன விளக்கு மின்ன வேண்டும்.

எஃகுப் பெட்டியும் கேபிள் பூட்டும் வாங்கலாம். ஆனால் அவை மனிதர்களுக்குத்தான். யானை நினைத்துவிட்டால் பெட்டியும் நசுங்கும். இரவில் படம் எடுக்க கேமரா வீசும் அகச்சிவப்பு ஒளியில், சிவப்பாக மினுங்கும் 850 நானோமீட்டர் வகையைவிட, கண்ணுக்குத் தெரியாத 940 வகை திருடர் கண்ணில் படுவது குறைவு. படம் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை.

உங்கள் ஊரில் ஜூன் மழை சும்மா விடாது. கேமராக் கதவின் ரப்பர் விளிம்பில் ஒரு மண்துகள் ஒட்டியிருந்தாலும் தண்ணீர் இறங்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு மூடுங்கள். ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் உள்ளே போடுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் காப்புக்காடு என்றால், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கட்டக்கூடாது. மெமரி கார்டு மாற்ற விடிந்ததும் ஓடாதீர்கள். நன்றாக வெயில் ஏறிய பிறகு, இரண்டு பேராகப் போங்கள்.