ரத்தான விமான டிக்கெட்டின் கிரெடிட் 'செல்லாது' என்று வருகிறதா?

ரத்தான டிக்கெட்டுக்குக் கிடைத்த கிரெடிட்டை (அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் தொகை) வைத்துப் புது டிக்கெட் வாங்கப் பார்த்தபோது, ஆறு எழுத்து பிஎன்ஆரை, அதாவது முன்பதிவு எண்ணை, தள்ளுபடிக் கூப்பன் கட்டத்தில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே அது எடுக்காது. பணம் கட்டும் பக்கத்தில் கிரெடிட் அல்லது வவுச்சர் என்று தனியாக ஓர் இடம் இருக்கும். அங்கே பெரும்பாலும் கேட்பது பழைய இ-டிக்கெட்டின் 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு, அதையும் சேர்த்தே அடியுங்கள்.

அப்படியும் மறுத்தால் என் சந்தேகம் பெயர் மேல்தான். திரும்பப் பணம் தராத டிக்கெட்டின் கிரெடிட் பொதுவாக அந்தப் பயணியின் பெயரிலேயே இருக்கும், காசு யார் கொடுத்திருந்தாலும். தம்பிக்கு டிக்கெட் போடுகிறீர்கள் என்றால் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஏஜென்ட் வழியாக வாங்கியதா? அப்படியானால் தளத்தோடு மல்லுக்கட்டாமல் நேரே அவரிடமே போங்கள்.

பழைய மின்னஞ்சலில் காலாவதித் தேதியை ஒருமுறை பாருங்கள். பல நிறுவனங்கள் ரத்து செய்த நாளிலிருந்து அல்ல, டிக்கெட் வாங்கிய நாளிலிருந்தே கணக்கு வைக்கும். அந்தத் தேதிக்குள் பதிவு செய்தால் போதுமா, பறந்தே ஆக வேண்டுமா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள்.

இன்னொன்று: புது டிக்கெட் விலை குறைவாக இருந்தால் மிச்சத் தொகை சில இடங்களில் போயே போய்விடும். உறுதி செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்து செய்தது நீங்களா, விமான நிறுவனத்தாரா? அவர்கள் என்றால் கிரெடிட்டைத் தொடாதீர்கள். பல நாடுகளில் பணமாகவே திரும்பக் கேட்கலாம்.